செவிலி மரங்களின் நிழலில்: சப்பிரகமுவாக் காடுகளை மீளப் பெறுதல்

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் எழுதியபோது, தாவரவியல் கற்பித்துக் காலங் கழித்தவனாகிய யான் பொருளைத் தேடி நெடிது அலையவில்லை. என் தகப்பனார் இறக்குவானைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றிற் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். விடுமுறை முடிந்து கல்லூரி விடுதிக்குத் திரும்பும் நாட்களில், மூடுபனிக்குள் மறைந்து நிற்கும் மலைமுகட்டுக் காட்டைக் காட்டி, "அதற்கப்பால் சிங்கராஜ வனம்" என்பார். அவ்வனத்தின் எல்லையில் ஒரு நூறாண்டுக்கு மேலாக நிகழ்ந்த அழிவையும், 1991ஆம் ஆண்டு தொட்டு நிகழ்ந்துவரும் ஒரு மீட்சியையும் இங்கே கூற முற்படுகின்றேன். மாணவர்க்கு இது தாவரவியற் பாடமாகலாம். தோட்டப் பகுதிகளில் ஆசிரியராகவும் உத்தியோகத்தராகவும் இருக்கும் பழைய மாணவர்க்கு இதிற் பாடத்திலும் மேலான ஒன்று உண்டு. அதனைக் கட்டுரையின் பிற்பகுதியிற் காண்க.

இரத்தினபுரியிலிருந்து கலவானை சென்று, அங்கிருந்து வெத்தாகல வழியாகக் குடாவ என்னுஞ் சிற்றூரை அடைந்தால் சிங்கராஜ வனத்தின் வடமேற்கு வாயில் வந்துவிடும். வனத்துட் புகுமுன்னர் வழியருகே பைனஸ் மரங்கள் அணிவகுத்து நிற்கும். நம் நாட்டு மலைகளில் இம்மரத்தைக் காணாதார் இலர். உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தைபோற் கிடக்கும் அத்தரையிற் பறவையொலியும் அரிது, செடிகொடியும் அரிது என்பதே நாம் வழக்கமாகக் கண்டது. ஆனாற் குடாவவில் உள்ள சில பைனஸ் வரிசைகளுக்கிடையே நுழைந்து பார்ப்போர் வியப்படைவர். அங்கே ஹொர மரமும், நாக மரமும், துன் இனத்து மரங்களும், பெரலியவும் உயர்ந்து நிற்கின்றன. அவை யாவும் அடர்வனத்துட் பிறந்து வளர்வன. மேய்ச்சல் நிலத்திலோ வெட்டவெளியிலோ தாமாக முளைத்துப் பெருகமாட்டா. அந்நிய நாட்டு மரமாகிய பைனஸின் நிழலில் அவை எவ்வாறு வந்து சேர்ந்தன?

இதற்கு விடை கூறுமுன் அக்காடு எவ்வாறு இழக்கப்பட்டது என்பதனை ஒருவாறு அறிதல் வேண்டும்.

இலங்கைத் தீவின் தென்மேற்குப் பகுதி, இருபெரும் பருவக்காற்றுகளாலும் மழை பெறும் ஈரவலயமாகும். சிங்கராஜ வனத்தில் ஆண்டொன்றுக்கு 3,000 முதல் 6,000 மில்லிமீற்றர் வரை மழை பெய்கின்றது. யாழ்ப்பாணத்திற் பெய்வதனோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கும் மேல். இம்மழையால் என்றும் பசிய தாழ்நில மழைக்காடு ஒருகாலத்திற் கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை, காலி முதலாய பகுதிகளெங்கும் பரந்து கிடந்தது. களுகங்கையும் கிங்கங்கையும் இதனால் ஊட்டம் பெற்றன. இம்மரங்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்ட இனங்கள் இலங்கையிலன்றி உலகில் வேறெங்கும் இல்லாதவை. பிற்காலத்தில் வனத்தினுள் 25 ஹெக்டேயர் நிலத்தை அளந்து, விரற்கனத் தண்டுடைய மரக்கன்று முதலாக ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு எண்ணியபோது, அச்சிறு பரப்பில் இருநூறுக்கு மேற்பட்ட மரவினங்கள் காணப்பட்டன. ஐரோப்பாவின் பெருநாடுகள் சிலவற்றில் உள்ள இயற்கை மரவினங்கள் அனைத்தையும் கூட்டினாலும் இத்தொகையை எட்டா.

கிராமத்தவர் அக்காலத்திற் காட்டைச் சிறிது வெட்டி எரித்துச் சேனை செய்தனர். ஓரிரு போகத்தின்பின் அந்நிலத்தைக் கைவிட்டு அப்பாற் சென்றனர். மக்கள்தொகை குறைவாக இருந்தவரை நிலம் இளைப்பாறிக் காடு திரும்பிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டையும் தரிசையும் முடிக்குரியன என்று கொள்ள வழிசெய்தது. முதலிற் கோப்பியும், 1869இற் கோப்பிக்கு இலைநோய் வந்து அது மாண்டபின் தேயிலையும், தாழ்சரிவுகளில் இறப்பரும் வந்தன. மலையை மொட்டையடித்துத் தேயிலை நட்டவர்கள் நம் முன்னோராகிய கூலிகள். நடும்படி கூறினோர் துரைமார். சேனைக்கென்று கிராமத்தவர்க்கு எஞ்சியது இடுக்குநிலமே. அவ்விடுக்குநிலத்தையே திரும்பத் திரும்ப எரித்துப் பயிரிட வேண்டியதாயிற்று. காட்டை அழித்தவன் சேனைக்காரனே என்று அக்காலத்து அரசாங்க அறிக்கைகள் ஓயாது குற்றஞ் சாட்டின. குற்றத்தின் பெரும்பங்கு எவரைச் சார்ந்தது என்பதனை வாசகர் தாமே தீர்த்துக்கொள்வர்.

சிங்கராஜ வனத்தை 1875இல் அரசு ஒதுக்குக்காடாக்கிற்று. ஏற்றிறக்கம் மிகுந்து, வண்டிப்பாதை புக இயலாதிருந்தமையால் அது பிழைத்தது. 1936இல் ஒக்ஸ்போர்ட்டு விலங்கியலறிஞர் ஜே. ஆர். பேக்கர் அங்கே தங்கி ஆராய்ந்து, மனிதன் கைபடாத காட்டின் அருமையை உலகறிய எழுதினார். அவ்வாறிருந்தும், கொஸ்கமவில் அமைந்த ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு மரம் வேண்டுமென 1971 அளவில் இயந்திரங்களைக் கொண்டு வனத்தின் மேற்குப் பகுதியில் மரந்தறித்தல் தொடங்கிற்று. பொதுமக்களும் அறிஞரும் எழுப்பிய கண்டனத்தால் 1977இல் அது நிறுத்தப்பட்டது. நம் நாட்டிற் காட்டின் பொருட்டு மக்கள் குரலெழுப்பி வென்ற முதற் பெரும் நிகழ்ச்சி இதுவெனலாம். 1978இல் அது மனிதனும் உயிர்க்கோளமும் என்னும் சர்வதேச ஒதுக்ககமாயிற்று. 1988இல் ஐக்கிய நாடுகள் கல்வி விஞ்ஞான பண்பாட்டு நிறுவனத்தின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அப்பட்டியலிற் காணப்படும் பரப்பு 8,864 ஹெக்டேயர், அதாவது 21,900 ஏக்கர் அளவினது. கிழக்கு மேற்காக 21 கிலோமீற்றர் நீளமே உள்ள இத்துண்டுதான் தாழ்நில மழைக்காட்டின் எஞ்சிய பேரளவான பகுதி.

காத்தல் ஒருவகை, இழந்ததனை மீட்டல் மற்றொருவகை. வனத்தைச் சுற்றிலும் கைவிடப்பட்ட சேனைநிலங்கள் ஏராளம். அவற்றை வெறுமனே விட்டுவிட்டாற் காடு தானாகத் திரும்பாதோ என்று மாணவர் வினவலாம். மழை உண்டு, வெயில் உண்டு, விதை தரும் தாய்க்காடும் அருகே உண்டு. எனினும் பன்னெடுங்காலம் காடு திரும்பவில்லை. காரணம் அறிதற்குரியது.

ஹொர, துன், பெரலிய ஆகியவை ஒரே குடும்பத்து மரங்கள். இவற்றின் விதை நெல்லைப்போலவோ பயற்றைப்போலவோ சேமித்து வைக்கக் கூடியதன்று. தரையில் விழுந்த சில நாட்களுள் முளைக்கும், உலர்ந்தால் மாண்டுபோம். ஆண்டுதோறும் காய்ப்பதுமில்லை, சில ஆண்டுகள் வாளாவிருந்து ஓராண்டிற் பெருவாரியாகப் பூத்துக் காய்க்கும். சிறகுடைய காய்களாயினும் பளுவுடையன. ஆதலால் தாய்மரத்தினின்றும் நெடுந்தூரம் பறவா. ஆலம்பழத்தைப்போற் பறவை உண்டு எச்சமிட்டுப் பரப்புவதும் இல்லை. முளைத்த கன்றுகளின் வேர் சிலவகைப் பங்கசுகளோடு கூட்டுவாழ்வு நடத்தி மண்ணிலுள்ள உணவைப் பெறுகின்றது. எரிந்து தேய்ந்த மண்ணில் அத்துணை எளிதில் வாய்ப்பதில்லை. எனவே காட்டின் ஓரத்திலிருந்து சில பாக தூரத்துக்குள் நின்றுவிடும் இவ்விதைகளால் அகன்ற வெளியைத் தாண்டிச் சென்று குடியேற இயலாது.

இனி, அவ்வெளியில் ஏற்கெனவே குடியேறி இருப்பது யாது? சிங்களத்திற் கெக்கில்ல எனப்படும் பன்னச் செடி. மலைநாட்டுப் பாதையோரச் சரிவுகளில், கவடுகவடாகப் பிரிந்த இலைகளோடு ஒன்றன்மேலொன்று படர்ந்து கிடக்கும் அதனை யாவரும் கண்டிருப்பர். ஆளுயரத்துக்குப் படர்ந்துவிட்டால் அதனடியில் விழும் விதை மண்ணையும் காணாது, வெயிலையும் காணாது. வறட்சி மாதத்தில் எவரேனும் எறிந்த ஒரு தீக்குச்சி போதும். காய்ந்த பன்னம் பற்றியெரியும். ஆங்காங்கு தலையெடுத்த இளமரமும் கருகும். தரைக்குள் ஒளிந்த தண்டுகளிலிருந்து பன்னமே மீண்டும் முதலில் முளைக்கும். எரிதலும் பன்னம் முளைத்தலும் மாறிமாறி நிகழ்ந்து, நிலம் ஒரு பூட்டுக்குள் அகப்பட்டுக்கொள்கின்றது.

இத்தகைய நிலங்களில் 1970களின் பிற்பகுதியில் வனபரிபாலனத் திணைக்களம் கரிபியன் நாட்டுப் பைனஸை நட்டது. வறிய மண்ணிலும் விரைந்து வளரும் என்பதும், வனத்தின் எல்லையைத் தெளிவாகக் காட்டும் என்பதும், மரமும் பிசினும் கிடைக்கும் என்பதும் நோக்கம். கிராமத்தவர்க்கு அதனாற் பயன் யாதும் இருக்கவில்லை. அதன் இலையை மாடு தின்னாது. காயைக் குழந்தை தின்னாது. ஊற்று வற்றுகின்றதென்றும் அவர்கள் முறையிட்டனர். அம்முறைப்பாட்டை ஒவ்வோரிடத்திலும் அளந்து மெய்ப்பித்தல் எளிதன்றாயினும், நாட்டின் பல பாகங்களிலும் ஒரே குரலாக எழுந்ததனை ஒதுக்கிவிடவும் முடியாது. யானும் என் வகுப்புகளிற் பைனஸைப் பழித்தே கற்பித்து வந்தேன்.

ஆயினும் பைனஸ் செய்த ஒரு நற்செயலைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியற் பேராசிரியர்களான நிமால் குணத்திலக்கவும் சாவித்திரி குணத்திலக்கவும், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் அஷ்டனும் கண்டனர். பைனஸின் கவிகை மூடியவுடன் வெயில் விரும்பியாகிய கெக்கில்ல நிழலிற் பட்டு மடிந்துவிடுகின்றது. பூட்டு அங்கே திறக்கின்றது. மண் குளிர்கின்றது; சருகு சேர்கின்றது. பன்னெடுநாள் எரிந்து வந்த சரிவு, தீப்படாது காக்கப்பட்ட இடங்களில், முதன்முறையாக நிழல் காண்கின்றது. ஆனால் அந்நிழல் அளவுக்கு மிஞ்சிவிட்டமையால் நற்காட்டு மரக்கன்று அங்கே உயிரோடு இருப்பினும் உயர மாட்டாது தவிக்கும். அங்ஙனமாயின் நிழலைச் சிறிது குறைத்துக் கொடுத்தால் என்ன என்பதே அவர்கள் எழுப்பிய வினா.

1991இல் குடாவவை அண்டிய பைனஸ் தோட்டத்திற் பரிசோதனை தொடங்கிற்று. ஓரிடத்தில் அடுத்தடுத்த மூன்று வரிசை மரங்களை நீக்கினர். வேறோரிடத்தில் ஒரே வரிசையை நீக்கினர். பிறிதோரிடத்தில் எதனையும் நீக்காது விட்டனர். நீக்கிய இடத்தின் ஓரத்தையும் தனியே கணக்கிட்டனர். எல்லா இடங்களிலும் ஐந்து மரவினங்களின் கன்றுகளை நட்டனர்: ஹொர, நாக மரம், மற்றும் பெரலிய உட்பட ஷோரியா இனத்து மூன்று. பின்னர் உயரத்தையும் பிழைத்தவற்றின் தொகையையும் அளந்து வந்தனர். மூடிய கவிகையின்கீழ் நின்ற கன்றுகள் நலிந்தன. மூன்று வரிசை நீக்கிய இடைவெளியில் வளர்ச்சி மிகச் சிறந்தது. இம்முடிவுகள் 1997இல் விஞ்ஞான ஏடொன்றில் வெளியாகின.

இதன் நுட்பத்தை மாணவர் ஊன்றி நோக்குக. இயற்கைக் காட்டில் முதுமரமொன்று சாய்ந்தால் கவிகையில் ஒரு திறப்பு உண்டாகும். அத்திறப்பின் வழியே நண்பகலிற் சில மணிநேரம் வெயில் இறங்கும். ஏனைய நேரம் பக்கத்து மரங்களின் நிழல் காக்கும். பல்லாண்டு நிழலிற் காத்திருந்த கன்று அவ்வேளை எழும். மூன்று வரிசையை நீக்கியபோது பரிசோதனையாளர் செய்தது அம்முதுமரத்தின் வீழ்ச்சியைப் போன்ற ஒன்றே. எல்லாப் பைனஸையும் ஒருங்கே வெட்டியிருப்பின் வெயில் கொளுத்தக் கெக்கில்ல மீண்டும் வந்து பூட்டியிருக்கும். வெட்டாதே விட்டிருப்பின் கன்று நிழலில் வாடியிருக்கும். ஆங்கில நூலார் இவ்வகை மரத்துக்குத் தாதி என்று பெயரிட்டனர். தமிழில் நமக்கு அதனினும் பொருத்தமான சொல் உண்டு: செவிலி. பிறர் பெற்ற மகவை வளர்த்துவிட்டு, உரிய காலத்தில் விலகி நிற்பவள் அவள். பைனஸ் பெற்ற தாயன்று. எனினும் செவிலியாகத் தகும்.

பைனஸைப் பழித்துக் கற்பித்த யான் இதனைப் படித்தபின் என் குறிப்புப் புத்தகத்திற் சில பக்கங்களைத் திருத்தவேண்டியதாயிற்று. இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். காடு திரும்புதற்குப் பைனஸ் நடுதல் வேண்டுமென்பது இதன் கருத்தன்று. முன்னரே நட்டுவிட்ட பைனஸை என்செய்வது என்பதற்கே இது விடை. கெந்த எனப்படும் வட்டக்கண்ணி முதலான நாட்டு மரங்கள் தாமே முளைத்துள்ள இடத்தில் அவையே செவிலியாகும். ஆங்கே அந்நிய மரத்துக்கு வேலையில்லை.

இனிக் கிராமத்தவரைப் பற்றிக் கூறுவேன். இவ்வாராய்ச்சியின் சிறப்பு மரத்தோடு நின்றிருந்தால் இதனை விழா மலரில் எழுதத் துணியேன்.

ஹொர மரம் பலகைக்கு முற்றுதற்குப் பல பத்தாண்டுகள் செல்லும். அதுவரை அடுப்பு எரியாமற் காத்திருக்கும் குடும்பம் எது? சிங்கராஜ வனத்தைச் சூழ்ந்த ஊரார் நெடுங்காலமாகக் காட்டிலிருந்து பெற்று வந்த பொருள்களை எண்ணிப் பார்த்தால், மரப்பலகை அவற்றுட் பிந்தியதே. முதலாவது கித்துள். பனையை நன்கறிந்த யாழ்ப்பாணத்து வாசகர்க்குக் கித்துளைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. பாளையைப் பதப்படுத்திச் சீவிப் பதநீர் இறக்கி, காய்ச்சிப் பாணியும் கருப்பட்டியும் ஆக்குதல் இங்கும் அவ்வாறே. வேறுபாடு யாதெனில், பனை ஆண்டுதோறும் பாளை விடும். கித்துள் பத்தாண்டுக்கு மேல் வளர்ந்து, உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பாளைகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு, அத்தோடு மாண்டுபோம். அடுத்து ஏலம். காட்டுநிழலிலேயே அது காய்க்கும். பின்னர் பிரம்பு, கூடை முடைவோர்க்கு அது வாழ்வு. வெனிவெல் என்று சிங்களவர் கூறும் மரமஞ்சட்கொடியை நாட்டு வைத்தியர் தேடி வாங்குவர். காயத்துக்கும் காய்ச்சலுக்கும் அதனை அவித்துக் குடிக்காத வீடு அப்பகுதியிற் காண்பதரிது. பெரலியக் காயைக் காய்ப்புக் காலத்திற் பெண்களும் சிறுவரும் பொறுக்கிச் சேர்த்து, பதஞ்செய்து மாவாக்கி உண்பர்.

ஆராய்ச்சியாளர் இதனைத் தம் திட்டத்துட் சேர்த்துக்கொண்டனர். பைனஸ் வரிசைகளை நீக்கிய இடைவெளிகளில் ஹொரவும் துன்னும் நடுவதோடு, அவற்றுக்கிடையே ஏலமும், பிரம்பும், மரமஞ்சளும், கித்துளும் நடலாமென்று கண்டு, அவற்றையும் நட்டுச் சோதித்தனர். வெட்டிய பைனஸே முதல் வருவாய்; சில ஆண்டுகளில் ஏலம்; பின்னர் பிரம்பும் கொடியும்; பத்துப் பதினைந்தாண்டிற் கித்துள்; பேரனுக்குப் பலகை. ஒருவன் வாழ்நாளின் ஒவ்வொரு பருவத்திலும் ஒரு பயன் கைக்கு வருமாறு காட்டை அடுக்குதல் இது. நாற்றுமேடைக்கு விதை பொறுக்கியவர்களும், கன்று நட்டவர்களும், களை பிடுங்கியவர்களும் அவ்வூராரே. எந்த மரம் எவ்வாண்டிற் பூக்கும், காய் விழுந்து எத்தனை நாளிற் பொறுக்க வேண்டும் என்பன பல்கலைக்கழக நூலகத்திற் கிடைத்த செய்திகள் அல்ல. காட்டில் நாடோறும் நடந்தவர்களிடமிருந்து கேட்டறிந்தவை. குடாவவில் வனத்தின் நண்பர்களெனப் பொருள்படும் பெயருடன் கிராமத்தவர் சங்கமொன்றும் எழுந்தது; அவ்வூர் இளைஞர் பலர் இன்று வனத்துக்கு வருவோர்க்கு வழிகாட்டிகளாக உள்ளனர். மரந்தறித்த காலத்திற் பாரவண்டிகளைப் பார்த்து நின்ற ஊர் அது என்பதனை நினைத்தல் வேண்டும்.

இவற்றுக்கு எதிராக நிற்பது தேயிலை. வியப்பாகத் தோன்றலாம்; ஆனால் இன்று சிங்கராஜ எல்லையைக் கரைப்பது பெருந்தோட்டத் தேயிலையினும் கிராமத்தவரின் சிறுதோட்டத் தேயிலையே எனலாம். கால் ஏக்கர் தேயிலை வாரந்தோறும் கொழுந்து தரும். கொழுந்தை ஏற்றிச்செல்லும் லொறி வாசலுக்கே வரும். மாத முடிவிற் பணம் வரும். ஏலமும் கித்துளும் அத்துணை ஒழுங்காகத் தருவன அல்ல. ஆதலால், காட்டுப்பொருள் மட்டுமே தந்து தேயிலையை வென்றுவிடலாம் என்று எண்ணுவோர் ஏமாறுவர். தேயிலை உள்ளவனிடம் தேயிலை இருக்கட்டும். அவனது தோட்டத்துக்கு மேலேயுள்ள செங்குத்துச் சரிவும் ஓடைக்கரையும் காடாகட்டும் என்று கேட்பதே நடைமுறைக்கு ஒத்தது. அவ்வோடை வற்றினால் அவன் தேயிலைக்கும் கேடு என்பதனை அவன் நம்மிலும் நன்கறிவான்.

இதுவரை கிராமத்தவர் என்று எழுதிவந்தேன். இச்சொல்லால் நாம் குறிப்பவர் யாவர்? சப்பிரகமுவாவிற் காட்டின் எல்லையில் வாழ்வோருட் சிங்களக் கிராமத்தவர் ஒரு சாரார். மறுசாரார் இரத்தினபுரி, பலாங்கொடை, பெல்மதுளை, காவத்தை, இறக்குவானை, கேகாலைத் தோட்டங்களின் லயன்களில் வாழும் தமிழர். கித்துட் பாளை சீவும் குடும்பத்துக்குச் சிறிதாயினும் சொந்த நிலமுண்டு. லயத்தில் உள்ளவர்க்கு அதுவும் இல்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் பல்லாயிரவரைக் கப்பலேற்றிற்று. 1970களின் நிலச்சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையானபோது நிலம் அவர்களுக்குக் கிடைத்திலது. 1977இலும் 1983இலும் நிகழ்ந்த வன்செயல்களில் அடிபட்டு வடக்கே சென்றோர் பலர். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிரசாவுரிமைக் குறை தீர்ந்தது. நிலக்குறை தீரவில்லை. 1992 தொட்டுக் கம்பனிகள் தோட்டங்களைக் குத்தகையில் நடத்துகின்றன, நிலம் அரசினது, வேலை கம்பனியினது, தொழிலாளிக்குரியது அன்றைய நாட்சம்பளம்.

இதனைக் காட்டுப் பாடத்திற் கலப்பானேன் என்று சிலர் கருதலாம். கலக்கவேண்டிய காரணம் மண்ணிலேயே உள்ளது. 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் திகதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் மலைச்சரிவு இடிந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். அதே நாளிற் புளத்கொகுப்பிட்டியவை அடுத்த களுபஹனத் தோட்டத்தில் மண்சரிந்து லயன் வீடுகளை மூடிற்று. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அதனுட் புதைந்தன. காடு இருந்திருப்பின் அவர்கள் பிழைத்திருப்பர் என்று எளிதிற் கூற இயலாது. அத்துணைப் பெருமழையிற் காட்டுச் சரிவுகளும் இடிவதுண்டு. எனினும் ஆழவேரோடிய மரங்கள் மேற்சரிவை ஓரளவு பிணித்து நிற்கும் என்பதும், வெட்டித் திருத்திய செங்குத்துச் சரிவின் அடியில் லயத்தைக் கட்டியவர் அதில் வாழ்பவர் அல்லர் என்பதும் தெளிவு. மேற்சரிவிற் காடு வேண்டுமா வேண்டாவா என்னும் வினாவில் முதற்கண் கேட்கப்படவேண்டியவர் அச்சரிவின்கீழ் உறங்குபவரே.

தோட்டநிலத்திற் காட்டை மீட்கும் முயற்சி இல்லாமலும் இல்லை. காவத்தைக்கு அண்மையில் எந்தானைத் தோட்டத்தில், ஒன்றையொன்று பிரிந்து நின்ற இஹரகந்த, வலங்கந்த என்னும் இரு காட்டுத் துண்டுகளை நாட்டு மரங்களாலான ஒரு வழியால் இணைக்கும் பணி, 1894இல் நிறுவப்பட்ட வனசீவராசிகள் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தாரும் தோட்டக் கம்பனியாரும் கூடிச் சில ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கியதாகும். துண்டுபட்ட காட்டில் உள்ள சிறு விலங்குகள் தேயிலையைக் கடந்து மறுபுறஞ் செல்ல அஞ்சும்; தம்முள்ளேயே இனம்பெருக்கி நாளடைவில் நலியும். ஒரு குறுகிய மரவழி அவற்றுக்கு ஊர்தோறும் உறவு கொள்ளும் பாதையாகும். தேயிலை பயன்தராத ஓடைக்கரைகளும் பாறைச்சரிவுகளும் எல்லாத் தோட்டத்திலும் உள்ளமையால் இதற்கு நிலத்தட்டுப்பாடு பெரிதன்று.

தட்டுப்பாடு வேறிடத்தில் உள்ளது. யான் கண்ட ஒன்றைக் கூறுகின்றேன். இடமும் நிறுவனமும் வேண்டா. ஒரு தோட்டத்தில் மரநடுகை விழா நிகழ்ந்தது. மேடையும் ஒலிபெருக்கியும் வந்தன. பாடசாலைப் பிள்ளைகளை அழைத்துச் சென்றவருள் யானும் ஒருவன். தொழிலாளர் முன்தினமே நாட்சம்பளத்துக்குக் குழி வெட்டி வைத்திருந்தனர். நாக மரக்கன்றும் ஹொரக்கன்றும் மொட்டைச் சரிவில், நல்ல வெயிலில், செவிலி நிழல் யாதுமின்றி நடப்பட்டன. தாவரவியல் அறிந்த யான் அன்று வாய்திறந்து சொல்லியிருக்க வேண்டும். மாலை மரியாதைக்கு நடுவே சொல்லக் கூசினேன். அடுத்த ஆண்டு சென்று பார்த்தபோது புல்லும் கெக்கில்லவும் மண்டிக் கிடந்தன. ஓடையோரத்தில் ஒரு கித்துளின் நிழலில் நின்ற நான்கைந்து கன்றுகளே உயிரோடிருந்தன.

அன்று குழி வெட்டியவருள் ஒருவராகிய முதியவரை லயத்து வாசலிற் கண்டு, களை பிடுங்க ஒருவரும் வரவில்லையா என்று கேட்டேன். "குழி வெட்டச் சொன்னாங்க, வெட்டினோம் மாஸ்டர். அதுக்கப்புறம் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை. நம்ம மரமா இருந்தா சொல்லாமலே புடுங்கியிருப்போம்" என்றார். அவர் லயத்துக்குப் பின்னே, மூன்று பாகம் அகலமுள்ள கீரைப்பாத்தியில், ஒரு களையும் இல்லை.

குடாவவிற் கன்று பிழைத்ததற்கும் அத்தோட்டத்திற் பட்டுப்போனதற்கும் வெயில் நிழல் அளவு ஒரு காரணம். நட்டவன் மறுநாளும் அங்கே செல்வதற்கு ஏதேனும் உரிமை பெற்றிருந்தானா என்பது மற்றொரு காரணம். ஓடைக்கரையின் ஒரு பங்கை, நிலவுரிமை தர இயலாதாயின் அதன் ஏலத்தையும் கித்துளையும் பிரம்பையும் எடுக்கும் உரிமையையேனும், முப்பதாண்டு உடன்படிக்கையாக லயத்துக் குடும்பங்களின் பெயரில் எழுதிக் கொடுத்தல் தோட்ட நிருவாகங்களால் இயலாத காரியமன்று. குத்தகை முடிந்தால் அவ்வுடன்படிக்கை என்னாகும், வேலையிலிருந்து நின்ற குடும்பத்துக்கு அவ்வுரிமை தொடருமா, பக்கத்துக் கிராமத்தவர் ஏற்கெனவே சீவிவரும் கித்துளுக்குப் பிணக்கு எழுந்தால் யார் தீர்ப்பது என்பன கடினமான வினாக்களே. சட்டம் படித்த பழைய மாணவர் நம்முள் பலர் உளர்; தோட்ட நிருவாகத்தில் உயர்பதவி வகிப்போரும் உளர். இவ்வினாக்களுக்கு அவர்கள் எழுதும் விடையை அடுத்த மலரிற் படிக்க விரும்புகின்றேன்.

சென்ற ஆண்டு அம்முதியவர் பேரன் ஒரு கடதாசிப் பையில் நாக மரக்காய்கள் சில கொண்டுவந்து, எப்போது ஊன்றலாம் என்று கேட்டான். உடனே ஊன்று, நாள் சென்றால் முளைக்கும் வலி குன்றும் என்றேன். எங்கே ஊன்றுவதென்று அவன் கேட்கவில்லை. கித்துளின் நிழலில் நின்ற கன்றுகளை அவனும் பார்த்திருக்கின்றான்.